சட்டிமூஞ்சிக்கு முதுகு கறுத்தது

சின்னப்பொண்ணு ஒரு பூனையைக் கையில் வாங்கினால் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து அதன் முதுகு முடியை வாயால் ஊதுகிறார். முடி இரண்டாகப் பிரிந்து தோல் தெரிகிற வரைக்கும் ஊதுகிறார். மேலே கன்னங்கரேலென்று இருக்கிற பூனை அடியில் வெள்ளையாக இருக்கும். மேலே வெள்ளை வெளேரென்று இருக்கிற பூனைக்கு அடியில் உண்ணி இருக்கும், தடிப்பு இருக்கும், ஈரம் காயாமல் பூத்த படை இருக்கும். "மேலுக்கு பாத்தா எல்லாம் ராஜாதான். ஊதிப் பாத்தாதான் யோக்கியதை தெரியும்" என்பார். பூனைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றாலும் சொல்வார்.

நாற்பத்தேழு வயது. கச்சிராயபாளையத்தை ஒட்டிய காலனியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கரும்பு வெட்டினார், மரவள்ளி பிடுங்கினார், நாற்று நட்டார். பிறகு கள்ளக்குறிச்சியில் மீனும் கிளியும் பூனையும் விற்கிற ஒரு கடையில் கூட்டிப் பெருக்கப் போனார். அந்தக் கடையில் கூண்டு கூண்டாகப் பெர்சியன் பூனைகள் இருந்தன. கொரோனாவில் கடையை மூடிவிட்டார்கள். பூனை வாங்கியவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். பெர்சியன் பூனைக்கு மூன்று நாள் முடி சீவாவிட்டால் சிக்கு விழும். சிக்கு கட்டியாகும். கட்டிக்கு அடியில் தோல் வெந்துபோகும். சீவத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். அப்படித்தான் அவருக்குப் பத்து வீடு கிடைத்தது.

டவுன் பஸ்ஸில் ஒயர் கூடையோடு வருவார். கூடையில் இரண்டு ஸ்டீல் சீப்பு, ஒரு கத்தரி, ஒரு பழைய துண்டு, ஒரு டப்பா மரவள்ளி மாவு. மாவைப் பூனையின் முதுகில் தூவித் தேய்த்துச் சீவினால் எண்ணெய்ப் பிசுக்கு முழுக்க மாவோடு வந்துவிடும். அதற்கென்று விற்கிற வெளிநாட்டுப் பவுடரை ஒரு வீட்டில் வாங்கி வைத்தார்கள். முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். "நம்ம ஊர்ல வெளையிறதுல இல்லாத கொணம் இதுல இன்னா இருக்குது?"

நிறங்களுக்குக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பெயர்கள் அவர் வாயில் நிற்கவில்லை. சாம்பல் நிறத்தைக் கடையில் 'ப்ளூ' என்றார்கள். "எங்கடா ப்ளூ? அடுப்ப அள்ளிக் கொட்ன மாதிரி இருக்குது" என்று அதை 'அடுப்பு' ஆக்கினார். வெளிர் மஞ்சள் அவருக்குப் 'பாலாடை'. பொன்னிறம் 'நாட்டுச்சக்கரை'. கருப்பும் செம்மையும் கலந்து திட்டுத்திட்டாக இருப்பது 'கருகல்', அதாவது தீய்ந்த தோசை. மூன்று நிறம் கலந்த பூனையைப் பார்த்தால் வாலைத் தூக்காமலேயே பெட்டை என்று சொல்லிவிடுவார். வெள்ளை உடம்பும் நீலக் கண்ணுமாக இருந்தால் பின்னால் நின்று ஒரு சொடக்குப் போடுவார். திரும்பாவிட்டால் செவிடு. உடம்பு வெள்ளையாக, மூஞ்சி, காது, கால், வால் மட்டும் கறுத்திருக்கிற பூனை உண்டு. கரிச்சட்டிக்குள் தலையை விட்டு நக்கியது போல இருக்கும். அதற்குப் பெயர் 'சட்டிமூஞ்சி'.

எல்லா வீட்டிலும் அவர் போவது பக்கவாட்டுச் சந்து வழியாக. பின்புறம் துணி துவைக்கிற கல்தான் அவர் வேலை செய்யும் இடம். பூனை கூடத்து சோபாவில் இருந்து அவரிடம் வரும், வேலை முடிந்ததும் சோபாவுக்குப் போகும். அவருக்கு டீ வருகிற டம்ளர் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே கவிழ்க்க வேண்டும். இதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. நகராட்சி வார்டுக்கு வார்டு கூட்டம் போட்டு இது கூடாது என்று பேசியவர்கள் வீட்டிலும் அந்த டம்ளர் இருந்தது.

ஹார்டுவேர் கடை தனசேகரன் வீட்டுச் சட்டிமூஞ்சிக்கு ஸ்னோவி என்று பெயர். தனசேகரனின் மகள் தேவதர்ஷினி கல்லூரியில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கிய பூனை. கல்யாணமாகி அந்தப் பெண் புனேவுக்குப் போனாள், பூனை தாயார் கோகிலவாணியிடம் நின்றுவிட்டது. போன ஐப்பசியில் தேவதர்ஷினிக்குப் பிரசவம் என்று தாயும் தகப்பனும் புனேவுக்குக் கிளம்பினார்கள். மாசியில்தான் திரும்புவோம் என்றார்கள். பூனையைச் சின்னப்பொண்ணு தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அந்த வருஷம் மழை விடவில்லை. ஸ்னோவியின் முதுகிலும் விலாவிலும் படை கிளம்பியது. மாட்டு டாக்டர் ஒருவர் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறார். அவர் பார்த்துவிட்டு முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். சின்னப்பொண்ணு புனேவுக்கு ஃபோன் போட்டார். குழந்தை பிறந்த சந்தடியில் கோகிலவாணி, "பாத்து செய்யி, பாத்து செய்யி" என்று வைத்துவிட்டார். முடியை வெட்டினார். படை ஆறியது.

கார்த்திகைக் கடைசியில் சின்னப்பொண்ணுவின் தம்பி மாயவன் மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டான். வெள்ளிமலையில் அவனுக்கு ஒரு டீக்கடை. கடையைப் பார்க்க ஆள் வேண்டும். சின்னப்பொண்ணு பூனையைக் கூடையில் வைத்துத் துண்டைப் போர்த்தி மலை பஸ் ஏறினார். வாரம் ஒரு நாள் இறங்கி வந்து வீடுகளைப் பார்த்துவிட்டுப் போனார். மலைக்குப் போனதைப் புனேவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள், பூனையை விட வேறு இடம் இல்லை. அவர் செய்த தப்பு இது ஒன்றுதான். அதை அவரும் ஒப்புக்கொள்கிறார்.

மார்கழிப் பனியில் வெட்டின முதுகில் முடி வளர ஆரம்பித்தது. வெள்ளையாக வரவில்லை. முதலில் அடுப்புப் புகை என்று நினைத்தார். மாவு போட்டுத் தேய்த்தார். வெந்நீரில் கழுவினார். தை முடிகிறபோது முதுகும் விலாவும் காப்பிக்கொட்டை நிறத்தில் நின்றன. வயிறும் கழுத்தும் மட்டும் பழைய வெள்ளை.

டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு மாயவன் சிரித்தானாம். "யக்கா, மலைக்கு வந்து பூனைக்கு கம்பளி போட்டு உட்டியா?"

"சிரிக்காதடா. அந்த வூட்ல இன்னான்னு சொல்லுவன்?"

மூன்று நாள் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கறுப்பு. மூக்கு கறுப்பு. பாதம், வால் நுனி கறுப்பு. தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிற இடமெல்லாம் கறுப்பு. கடையில் வேலை செய்தபோது கால் முறிந்த ஒரு சட்டிமூஞ்சிக்கு ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்ததும் கறுத்த காலில் ஒரு சுற்று வெள்ளை முடி வந்திருந்தது. அன்று அதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போனவருக்கு இப்போது விளங்கியது. இந்த ஜாதிப் பூனைக்குச் சூடு பட்ட இடம் வெளுக்கும், குளிர் பட்ட இடம் கறுக்கும். முடியை எடுத்துவிட்டு மலைக் குளிரில் வைத்திருந்தால் முதுகு கறுக்காமல் என்ன செய்யும்? டாக்டரிடமும் கேட்டார். "கரெக்டு, இது அப்டித்தான்" என்றார் டாக்டர். எழுத்தறியாத ஒருவர் சீப்பும் கையுமாக இருந்து கண்டுபிடித்த விஷயம் இது. அதை நம்ப வைப்பது இன்னொரு வேலை.

மாசியில் கோகிலவாணி துவைக்கிற கல்லருகே வந்து நின்றார். சின்னப்பொண்ணு கூடையைத் திறந்தார்.

"இது யாரு பூன?"

"நம்ம ஸ்னோவிதாம்மா."

"வெளையாடாத சின்னப்பொண்ணு. முதுகு இன்னா எருமைக்கன்னு மாதிரி இருக்குது?"

"முடிய எடுத்துட்டு குளுர்ல வச்சா கறுத்துடும்மா இந்த ஜாதி. டாக்டர வேணா கேட்டுப் பாருங்க."

"குளுரா? கள்ளக்குறிச்சில ஏது குளுரு?"

சின்னப்பொண்ணு தரையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பிக்கு கால் ஒடஞ்சிப் போச்சும்மா. வெள்ளிமலைக்கு தூக்கினு போயிருந்தன்."

"எங்கள ஒரு வார்த்த கேக்காம மலைக்கு தூக்கினு போனியா? இன்னும் இன்னா இன்னா சொல்லல நீ?"

சத்தம் கேட்டுத் தனசேகரன் வந்தார். கோபக்காரர் இல்லை. நிதானமாகவே கேட்டார். "வெயில்ல கறுக்கும், கேட்டிருக்கன். நீயே வெயில்ல கெடந்து கறுத்தவதான? குளுர்ல கறுக்கும்னு இந்த ஊர்ல நீ ஒருத்திதான் சொல்ற."

இதற்குள் பூனை கூடையிலிருந்து இறங்கிச் சமையலறைக்குள் போய் வாஷிங் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் படுத்த அதே இடம். "பாருங்கம்மா, அதும் எடத்துக்கு அதுவே போவுது" என்றார் சின்னப்பொண்ணு.

"எந்தப் பூனைய உட்டாலும் அங்கதான் போவும். தர சில்லுன்னு இருக்குது" என்றார் கோகிலவாணி.

வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டார்கள். தேவதர்ஷினி தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஸ்னோவி, ஸ்னோவி" என்றாள். பூனை சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தது. குழந்தை வீறிட்டது. தேவதர்ஷினிக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, அது ஸ்னோவியா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நாங்க ஊருக்கு வரப்போ வூட்ல பூன முடி இருக்கக் கூடாது. கொழந்தைக்கு ஆவாது. டாக்டர் சொல்லிட்டாங்க."

ஃபோன் அணைந்தது. பூனை யாருடையது என்ற கேள்விக்கு அந்த வீட்டில் தேவை முடிந்துபோனது. சின்னப்பொண்ணுவுக்கு அந்தத் தேவை முடியவில்லை.

"நீயே வச்சிக்க" என்றார் கோகிலவாணி.

"வச்சிக்கறம்மா. கஞ்சி ஊத்தி காப்பாத்தறன். இது நம்ம பூனதான்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லிடுங்க. நாலு வூட்டுக்கு போய் வரவ நான்."

"தெரியாதத எப்டிம்மா சொல்றது?"

கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். வார்த்தை கிடைக்காததால் வேறு வார்த்தை பரவியது. பூனை வளர்க்கிறவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குரூப் இருக்கிறது. ஸ்னோவியின் பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் அதில் வந்தன. வெள்ளைப் பூனையை வெளியூரில் விற்றுவிட்டுக் கழித்துப்போட்ட கறுப்பைக் கொண்டுவந்து வைத்தாள் என்று மூன்றாம் நாள் பேச்சு. பூனையைக் கூண்டிலேயே வைத்து விற்ற கடைக்காரர்களைப் பற்றி அந்தக் குரூப்பில் ஒரு நாளும் ஒரு வரி வந்ததில்லை.

ஒரு வீட்டில் ஊருக்குப் போகிறோம் என்றார்கள். போகவில்லை. ஒரு வீட்டில் நாங்களே சீப்பு வாங்கிவிட்டோம் என்றார்கள். டீச்சர் மலர்விழி மட்டும் கேட் வரைக்கும் வந்து நேரில் சொன்னார். "எனக்கு ஒங்கமேல சந்தேகம் இல்லக்கா. எங்க வூட்டுக்காரருதான்…" இந்த ஊரில் சந்தேகம் எப்போதும் வீட்டுக்காரருக்குத்தான் வரும். சின்னப்பொண்ணு டாக்டரிடம் போய், தனசேகரன் வீட்டுக்கு ஒரு வார்த்தை ஃபோனில் சொல்லுங்கள் என்று கேட்டார். "அவங்க கேட்டா சொல்றம்மா. நானா போய் எப்டி சொல்றது?" என்றார் டாக்டர். அவர்கள் கேட்கவில்லை. பத்து வீடு மூன்றாகியது. பூனை சீவுகிறவர்களுக்குச் சங்கம் கிடையாது. இருப்பது ஒரே ஆள், சங்கம் எங்கிருந்து வரும்?

மறுபடியும் களையெடுக்கப் போனார். கரும்புக் காட்டில் பெண்கள் விடுவார்களா? "இன்னாடி சின்னப்பொண்ணு, பங்களாவுல பூனைக்கு தல வாரி உட்டவ இங்க வந்துட்ட?"

"இதும் வார்றதுதான்டி. இது பிறாண்டாது, அவ்ளோதான்."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மதியம் சோற்றை மட்டும் தனியாகப் போய்ச் சாப்பிட்டார்.

பங்குனி பிறந்ததும் ஒரு வேலை செய்தார். ஸ்னோவியை மடியில் போட்டுக் கறுத்த முதுகின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு முடியை ஒட்ட வெட்டினார். மாயவனின் பழைய ஸ்வெட்டரில் ஒரு கையை வெட்டி, அதற்குள் பூனையை நுழைத்து, அவிழாமல் தைத்துவிட்டார். கட்டுப் போட்ட காலில் வெள்ளை வந்தது என்றால் முதுகிலும் வரவேண்டும் என்பது கணக்கு. பங்குனி, சித்திரை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மனிதரே வெந்துபோகிற மாதங்கள். அதில் கம்பளி போட்ட பெர்சியன் பூனை நாக்கைத் தள்ளி நாய் போல மூச்சிரைத்தது. களைக்குப் போகும்போது ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார். கரன்ட் போய்விடுமோ என்று பாதி நாள் போகவே இல்லை. உட்கார்ந்து முறத்தால் அதன் மூஞ்சிக்கு மட்டும் விசிறினார். முதுகில் காற்றுப் பட்டுவிடக் கூடாது. மூஞ்சிக்கு முறம், முதுகுக்குக் கம்பளி. ஒரு நாள் அது அவர் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வர வைத்தது. அவர் அடிக்கவில்லை. "கடிச்சிக்க. எங்கோசரம் ரெண்டு மாசம் பொறுத்துக்க கண்ணு. வேற யாருக்கும் இது நடக்கல, ஒனக்கும் எனக்கும்தான்."

பூனை மெலிந்தது. சோற்றைப் பாதியில் விட்டது. காலனியில் ஒருவர், "அந்த வாயில்லா ஜீவன இன்னாத்துக்கு வாட்டற?" என்று கேட்டார். சின்னப்பொண்ணு அன்று இரண்டு மணி நேரம் ஸ்வெட்டரை அவிழ்த்து விட்டார். பிறகு தேடிப் பிடித்து மறுபடியும் தைத்தார்.

வைகாசியில் பிரித்தபோது நடு முதுகில் சதுரமாக வெள்ளை நின்றது. விரல்கணு நீளத்துக்குப் பளிச்சென்று, சுற்றிலும் காப்பிக்கொட்டை நிறம்.

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனார். சந்து வழியாகப் போகவில்லை. முன்பக்க கேட்டுக்குப் போனார். கோகிலவாணி கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"பாருங்கம்மா. ரெண்டு மாசம் சூட்டுல வச்சன். இந்த எடம் மட்டும் வெளுத்துடுச்சி பாருங்க. நான் சொன்னது பொய்யில்லம்மா."

கோகிலவாணி குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கை கூட நீண்டது. பிறகு கையை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"டை அடிச்சினு வந்துட்டியா சின்னப்பொண்ணு? எங்க வூட்டுக்காரரு மீசைக்கு கறுப்பு அடிக்கறாரு, நீ பூனைக்கு வெள்ள அடிக்கற. நல்லா இருக்குது போ."

"யம்மா, தொட்டுப் பாருங்கம்மா…"

"போம்மா, போ. காலங்காத்தால."

கேட்டில் உள்தாழ்ப்பாள் விழுந்தது. சின்னப்பொண்ணு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் நகராட்சிக் குழாய் இருக்கிறது. அங்கே நின்றார். கூடையை இறக்கிப் பூனையை இடது கையில் அணைத்துக்கொண்டார். முந்தானை நுனியை நனைத்துப் பிழிந்து, அந்த வெள்ளைச் சதுரத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். பூனை கத்தியது. இன்னொரு முறை தேய்த்தார். பிறகு முந்தானையை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார்.